சிங்கப்பூர்ல சம்பளம் குறையுதா? முதல்ல கணக்கு போடுங்க

கம்பெனிக்காரன்கிட்ட சண்டைக்கு போறதுக்கு முன்னாடி உங்க ஐபிஏ லெட்டர (வேலை பெர்மிட்டுக்கு முன்னாடி வர்ற அனுமதிக் கடிதம்) எடுத்து பேசிக் சம்பளம் எவ்ளோன்னு பாருங்க, ஏன்னா ஊர்ல ஏஜென்ட் வாயால சொன்னதுக்கு இங்க மதிப்பு ரொம்ப கம்மி, பேப்பர்ல இருக்கறதுதான் பேசும்.

அப்புறம் ஓடி, அதாவது ஓவர்டைம். மாசச் சம்பளத்த 12 ஆல பெருக்கி, 52 வாரம் x 44 மணி நேரம் அதாவது 2288 ஆல வகுத்தா ஒரு மணி நேர ரேட், அதுல ஒன்றரை மடங்கு ஓடிக்கு. பேசிக் 800 வெள்ளின்னா (சிங்கப்பூர் டாலர்) ஓடிக்கு மணிக்கு சுமார் 6.29 வெள்ளி வரணும். நெறைய பேருக்கு ஒன்றரை மடங்கு இல்லாம வெறும் ரேட்டு மட்டும் போட்டு ஏமாத்துறாங்க, பேஸ்லிப்ப சரியா பாக்காததால அது தெரியறதே இல்ல. லெவி காச (வெளிநாட்டு ஆள வேலைக்கு வைக்க அரசாங்கத்துக்கு கட்டற வரி) உங்க சம்பளத்துல பிடிக்கவே கூடாது, அது முதலாளி கட்ட வேண்டியது.

சம்பள மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள பேசிக், 14 நாளுக்குள்ள ஓடி வந்துடணும். வரலையா, வாட்ஸ்அப்ல மரியாதையா கேளுங்க, நேர்ல கேட்டா சாட்சி இருக்காது. டைம் கார்ட தெனமும் போட்டோ எடுத்து வைங்க. வெத்து பேப்பர்ல கையெழுத்து கேட்டா போடாதீங்க, இத எத்தன தடவ சொன்னாலும் நம்மாளுங்க போட்டுட்டு வந்துதான் கேக்குறாங்க.

அப்பவும் மசியலன்னா டிஏடிஎம்ல (TADM, சம்பளத் தகராற பேசித் தீர்த்து வைக்கிற அமைப்பு) க்ளைம் போடுங்க, முதல்ல ரெண்டு பக்கத்தையும் உக்கார வச்சு பேசுவாங்க, ஒத்து வரலன்னா கேஸ் ட்ரிப்யூனலுக்கு (தீர்ப்பாயம்) போகும். வேலைல இருந்தா பாக்கி விழுந்து 1 வருஷத்துக்குள்ள, வேலைய விட்டிருந்தா கடைசி நாள்லேர்ந்து 6 மாசத்துக்குள்ள போடணும், அதனால ஊருக்கு டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே போய்டுங்க.