உப்புக்காற்றில் மங்கிய சைக்கிளுக்கு மீண்டும் பொலிவூட்டுதல்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பழைய சைக்கிள் ஒன்றைப் புதுப்பிக்க விரும்புபவர்கள் வழக்கமாக முதலில் நிறத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஆனால் கடல் பல பக்கமும் அணைத்துக் கிடக்கும் திருகோணமலையில், அழகாக அடித்த பெயின்ற் அடுத்த மாரிக்குள் கொப்பளித்து உரிந்து விடுவதற்கு, பெயின்றின் தரத்தைவிட அதற்கடியில் சிக்கிக்கொண்ட உப்பே பெரும்பாலும் காரணமாகிறது. துருவின் குழிகளுக்குள் தங்கிய உப்பு, பூச்சினூடாகவே ஈரத்தை உள்ளே இழுத்து, இரும்பை மறைவில் அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே சிறு கொப்பளம் தெரியும்போது உள்ளே துரு வெகுதூரம் பரவியிருக்கும். ஆகவே இந்த விளக்கத்தில் பெயின்ற் அடிப்பதற்குச் சமமான இடம் கழுவுவதற்கும் உண்டு.

நான் இங்கே மனத்தில் கொண்டிருப்பது, 28 அங்குலச் சில்லும் கம்பி பிரேக்கும் (கேபிளுக்குப் பதிலாக விறைப்பான இரும்புக் கம்பிகளால் இயங்குவது) கொண்ட கறுப்பு நிறப் பழைய சைக்கிள்களையே. லுமாலா போன்ற உள்ளூர்ச் சைக்கிள்களுக்கும் இதே முறை பொருந்தும். அலுமினியப் பிரேம் கொண்டவற்றுக்கு வேறு பிரைமர் (பெயின்றுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) தேவைப்படுவதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

முதலில் பார்க்க வேண்டியவை

எந்தக் கருவியையும் கையில் எடுப்பதற்கு முன், உங்களிடம் இருப்பது என்ன சைக்கிள் என்பதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பெடல் பக்கத்துப் பெரிய பற்சக்கரத்தில் நாரையின் தலை வடிவம் வெட்டப்பட்டிருந்தால் அது ராலி. ஓடும் மனிதர்கள் ஐவர் இருந்தால் ஹம்பர். கை வடிவம் இருந்தால் ரட்ஜ். பல ஹம்பர்களின் முன் போர்க்கில் (முன்சில்லைத் தாங்கும் கவையில்) ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாய் இருப்பதும் ஓர் அடையாளம். இவ்வாறான சைக்கிள்களில் பிரேமின் முன்பக்கத்தில் பதித்த உலோகச் சின்னத்தைக் கழற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைப் பிடித்திருக்கும் சிறிய தறைகள் உடைந்தால் அதே அளவில் வேறு கிடைப்பது கடினம். ஒட்டுநாடாவால் கவனமாக மூடிவிட்டு வேலை செய்வதே போதும்.

பிரேமில் பொறித்திருக்கும் இலக்கத்தை எழுதி, படமும் எடுத்து வையுங்கள். சைக்கிள் களவு போனால் உங்களுடையது என்று காட்டுவதற்கு உதவுவது அந்த இலக்கம்தான். தடித்த பூச்சுக்குள் அதைப் புதைத்துவிடக் கூடாது. குழாய்கள் சேரும் மூட்டுகளில் மயிரிழை போன்ற வெடிப்பு உள்ளதா என்றும் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பெயின்ற் வேலையை நிறுத்திவிட்டு, ஒட்டுவேலை தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டும்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுக்க வேண்டும். பழைய கறுப்பும் அதன்மேல் ஓடும் பொன்னிறக் கோடுகளும் பெரும்பகுதி எஞ்சியிருந்தால், தயவுசெய்து புதிதாகப் பெயின்ற் அடிக்க வேண்டாம். மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, உலர்த்தி, வாகனங்களுக்குப் பூசும் மெழுகை இரண்டு முறை தேய்த்தாலே அது மினுங்கும். மங்கல் கூடுதலாக இருந்தால் ரப்பிங் கொம்பவுண்ட் எனும் தேய்ப்புப் பசையைப் பாவிக்கலாம். ஆனால் அந்தப் பொன்னிறக் கோடுகள் மிக மெல்லியவை, கொம்பவுண்ட் பட்டால் துணியோடு வந்துவிடும். கோடு ஓடும் இடங்களில் மெழுகோடு நின்றுவிடுங்கள்.

காலம்

ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரிக்காலத்தில், அதிலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில், இங்கே ஸ்பிரே பெயின்ற் அடிப்பது வீண் செலவு. பெயின்றிலுள்ள தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமென்றால் அது பூச்சின் மேல் படிந்து, கறுப்பு நிறம் பால் கலந்ததுபோல் வெளுத்துப் போகும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருப்பது நல்லதுதான், ஆனால் அது அள்ளிவரும் புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டிக்கொள்ளும். காலையில் வெயில் ஏறிப் பனி ஈரம் போன பிறகு, காற்று எழும்புவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணித்தியாலமே வாய்ப்பான நேரம். மாலையில் அடித்தால் பூச்சிகள் வந்து ஒட்டும். வெயில் நேரடியாக விழும் இடமும் ஆகாது. பெயின்ற் படிந்து பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகிவிடும். திறந்த வராந்தாவோ கூரையுள்ள கொட்டிலோ போதும். காயவைக்கும் இடத்தை அடைத்து வையுங்கள். நகருக்குள் உலவும் மான்களும் கட்டாக்காலி மாடுகளும் ஈரப் பெயின்றுக்கு மரியாதை கொடுப்பதில்லை.

கழற்றுதல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். கம்பி பிரேக்கின் இணைப்புகளைக் குறைந்தது மூன்று கோணங்களில் எடுங்கள். கழற்றிய ஆணிகளையும் நட்டுகளையும் பாகத்துக்கு ஒன்றாகச் சிறு பைகளில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால் போதுமானது. சில்லு, மட்காட், கரியர், செயின் கவர், சீட், ஹாண்டில் ஆகியவை சாதாரணமாகக் கழன்றுவிடும். சிக்கல் வருவது இரண்டு மூன்று இடங்களில்தான்.

பெடல்களில் இடது பக்கத்துப் பெடலின் புரி எதிர்ப்புறமானது. வலது பெடலை வலஞ்சுழிக்கு எதிராகவும், இடது பெடலை வலஞ்சுழியாகவும் திருப்பினால்தான் கழலும். குழப்பமாக இருந்தால், ஸ்பானரை மேல்நோக்கி நிற்க வைத்துப் பின்சில்லின் பக்கமாக இழுங்கள். இரு பக்கத்துக்கும் இது சரிவரும். கிராங்கை (பெடலைத் தாங்கும் தண்டை) அச்சோடு பிணைக்கும் கொட்டர் பின்னைக் கழற்றும்போது, அதன் நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் பின்னின் நுனியோடு மட்டமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்தி, கிராங்கின் அடியில் ஒரு கனத்த மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் நேராக ஓங்கி ஒரே அடி கொடுக்க வேண்டும். பயந்து பயந்து தட்டும் சிறு அடிகள்தான் புரியைக் கெடுக்கும். பெடல் அச்சின் குண்டுகள் உருளும் வலது பக்கக் கிண்ணத்துக்கும் எதிர்ப்புரியே. அது பிரேமில் இறுகியிருந்தால் அப்படியே விட்டு மூடிவிடலாம். குண்டுகளை எல்லாம் எண்ணி, கிறீஸ் துடைத்து, தனியாக வையுங்கள்.

கழுவுதலும் துரு நீக்கலும்

பலரும் நேரே தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். உப்புப் படிந்த துருவை அப்படியே உலர்வாகத் தேய்த்தால், உப்பு இன்னும் ஆழமாகக் குழிகளுக்குள் அமர்கிறது. ஆகவே முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பிறகு நிறைய நல்ல தண்ணீரால் அலச வேண்டும். கடற்கரையை ஒட்டிய பல வளவுகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும். அந்த நீரால் கழுவினால் கழுவாமல் விட்டதற்குச் சமம். குழாய்த் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ பாவியுங்கள்.

அடுத்து 120 இலக்க வோட்டர் பேப்பரை (ஈரத்தில் பாவிக்கும் உரசுதாளை) நனைத்துத் தேய்க்க வேண்டும். ஈரமாகத் தேய்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பழைய பெயின்றுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும், அந்தத் தூசி மூக்குக்குள் போகக் கூடாது. முகக்கவசம் அணியுங்கள், சிறுவர்களை அருகில் விடாதீர்கள், தேய்த்த நீரைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை முற்றாக உரிக்கத் தேவையில்லை. அதன் மினுக்கம் போனால் போதும். ஆனால் துருப்பிடித்த இடங்களில் உலோகத்தின் வெண்மை தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழியின் அடியில் கரும்புள்ளி எஞ்சியிருந்தால், மீண்டும் அலசி, வயர் பிரஷால் சுரண்டி, மறுபடி அலசுங்கள். இந்த இரண்டாவது அலசலே பூச்சின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பிறகு பிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குழாய்களுக்குள் புகுந்த நீரை வடித்து, வெயிலில் நன்றாகச் சூடேறக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். கடல்காற்றில் ஓர் இரவு வெறுமையாக விட்ட இரும்பில் காலையில் செம்மஞ்சள் படலம் நிற்கும்.

ஆணி, நட்டு போன்ற சிறு பாகங்களைத் தேய்த்து மினக்கெட வேண்டியதில்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் 50 கிராம் அளவு சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்துச் சில மணித்தியாலங்கள் ஊறவைத்தால் துரு இளகிவிடும். வினாகிரியும் உதவும், ஆனால் ஓரிரவு எடுக்கும். வெளியே எடுத்ததும் பிரஷால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த நீரில் முக்கி அமிலத்தைப் போக்கி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். அலுமினியப் பாகங்களையும் சீட்டின் சுருள் வில்களையும் இந்தக் கரைசலில் போட வேண்டாம்.

குரோம் பாகங்கள்

ஹாண்டில், ரிம், பெல் மூடி ஆகியவற்றில் மண்ணிறப் புள்ளிகளைக் கண்டு பலர் மனம் உடைந்து, அவற்றின்மேல் வெள்ளி நிறப் பெயின்றை அடித்துவிடுகிறார்கள். வழுவழுப்பான குரோமில் அது பிடிக்காது. சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். உண்மையில் குரோம் துருப்பிடிப்பதில்லை. அதன் ஊசித்துளைகளினூடாக அடியிலுள்ள இரும்புதான் துருப்பிடித்து, மேலே கசிந்து பரவுகிறது. ஒரு புள்ளியை வெளிச்சத்தில் அருகே பிடித்துப் பார்த்தால், நடுவில் குண்டூசி முனையளவு கரிய துளையும், அதைச் சுற்றிப் பல மடங்கு அகலத்துக்கு மண்ணிறக் கறையும் தெரியும். கறை போய்விடும், துளை போகாது.

சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் கறை கரும் பசையாகி வெளியேறும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. வோட்டர் பேப்பரை மட்டும் குரோமின் அருகில் கொண்டு போகாதீர்கள். துடைத்துக் காய்ந்ததும் மெழுகு பூசி அந்தத் துளைகளை அடைக்க வேண்டும். இல்லையேல் இரண்டு கிழமையில் புள்ளிகள் திரும்பிவிடும். ரிம்மில் பிரேக் கட்டை தொடும் பகுதிக்கு மெழுகும் எண்ணெயும் படவே கூடாது. கம்பி பிரேக்கில் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை, அதாவது அச்சைப் பார்த்த பக்கத்தையே தொடுகிறது என்பதைக் கவனியுங்கள். குரோம் பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தால் இந்த வைத்தியம் எதுவும் உதவாது. மீண்டும் முலாம் பூசுவதா, வேறு பாகம் தேடுவதா என்று முடிவெடுக்க வேண்டியதுதான்.

பிரைமரும் பெயின்றும்

இங்கே ஒரு தெரிவு இருக்கிறது. பிரஷால் பூசும் எனாமல் மலிவானது, பொறுமையாகப் பூசினால் தடித்த பளபளப்புத் தரும், ஆனால் காய நாள் எடுக்கும். ஸ்பிரே டின் விரைவில் காயும், மூட்டுகளின் நெளிவுகளுக்குள் சீராகச் செல்லும், செலவு கூட. எதைத் தெரிவு செய்தாலும் இரண்டையும் கலக்காதீர்கள். எண்ணெய் சார்ந்த ரெட் ஒக்சைட் பிரைமருக்கோ எனாமலுக்கோ மேலே ஸ்பிரே லக்கரை அடித்தால், லக்கரின் தின்னர் கீழ்ப்பூச்சைக் கிளப்பித் தோல் சுருங்கியதுபோல் ஆக்கிவிடும். ரெட் ஒக்சைட் என்றால் மேலே எனாமல். ஸ்பிரே என்றால் அதே வகை ஸ்பிரே பிரைமர். பழைய பூச்சை விட்டு வைத்திருந்தால், தின்னர் தோய்த்த துணியை மறைவான ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள். அது சுருங்கினால் அந்தப் பூச்சை முற்றாக உரித்தாக வேண்டும்.

ஸ்பிரே செய்பவர்களுக்குப் பிரேம், போர்க், மட்காட் எல்லாவற்றுக்குமாக 400 மில்லிலீற்றர் டின்களில் பிரைமர் இரண்டு, நிறம் மூன்று, கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு) இரண்டு போதுமாக இருக்கும். கிண்ணங்களையும் புரிகளையும் ஒட்டுநாடாவால் மூடி, சீட் குழாயின் வாயில் துணி அடைத்து, பிரேமைக் கம்பியால் தொங்கவிடுங்கள். டின்னை இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, கையை ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். குழாய்க்கு வெளியே அழுத்தத் தொடங்கி, குழாயைக் கடந்த பிறகே விரலை எடுக்க வேண்டும். முதலில் மூட்டுகளின் உட்புறங்களும் அடிப்பக்கமும், கடைசியில் கண்ணில் படும் நீண்ட குழாய்கள்.

முதல் பூச்சு அடி தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மெல்லிய பூச்சுகளாக மூன்று நான்கு கொடுப்பது, தடிப்பாக ஒன்று கொடுத்து வழியவிடுவதைவிடப் பல மடங்கு மேல். பிரைமர் காய்ந்த பின் 400 இலக்கப் பேப்பரால் ஈரமாக மெல்லத் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த பிறகு நிறம். மீண்டும் அடிப்பதற்கான நேரம் டின்னில் எழுதியிருக்கும். சில வகைகளில் ஒரு மணித்தியாலத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் ஒரு நாளோ இரண்டு நாளோ பொறுக்க வேண்டும். வழிந்துவிட்டால் தொடாதீர்கள். நன்றாக இறுகிய பின் 600 இலக்கப் பேப்பரால் சமப்படுத்தி, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அடிக்கலாம்.

கோடும் எழுத்தும்

பொன்னிறக் கோடு இல்லாத கறுப்புச் சைக்கிள் பாதி முடிந்த வேலையாகவே எனக்குத் தோன்றும். மெல்லிய ஒட்டுநாடாக்கள் இரண்டை 2 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒட்டி, நடுவே பொன்னிற எனாமலைச் சிறு பிரஷால் பூசி, பெயின்ற் முழுதும் காயுமுன் நாடாவை மடக்கி இழுத்தால் விளிம்பு கூராக வரும். நிறப் பூச்சு ஒரு கிழமையாவது இறுகியிருக்க வேண்டும். இல்லையேல் நாடா அதையும் கூட்டிக்கொண்டு வரும். எழுத்துகளுக்கு, முச்சக்கரவண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் அளவும் எழுத்து வடிவமும் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். கிளியரை ஸ்டிக்கரின் மேல் அடிப்பதற்கு முன் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். எனாமல் கோட்டின் மேல் கிளியர் ஸ்பிரே அடிக்கவே கூடாது; ஆகவே கிளியர் முதலில், கோடு கடைசியில்.

பூட்டுதல்

தொட்டால் ஒட்டாது என்பது இறுகிவிட்டது என்பதற்கு அடையாளமல்ல. ஒரு கிழமை பொறுத்துப் பூட்டுங்கள். மெழுகு பூச ஒரு மாதம் பொறுங்கள். பூட்டுவதற்கு முன் சீட் குழாயின் வழியே சிறிது எண்ணெய் ஊற்றி, பிரேமை நாலாபுறமும் சரித்து உட்பக்கத்தை நனைத்து, மிச்சத்தை வடியவிடுங்கள், ஏனெனில் பிரேம் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். கிண்ணங்களுக்குப் புதுக் கிறீஸும், சீட் தண்டுக்கும் ஒவ்வொரு புரிக்கும் மெல்லிய கிறீஸும் வேண்டும். தோல் சீட்டைத் தேங்காயெண்ணெயில் ஊறவிடும் பழக்கம் நல்லதல்ல. தோல் இளகித் தொய்ந்து போகும். தோலுக்குரிய மெழுகை மேற்புறத்தில் மெல்லப் பூசினால் போதும்.

முதல் சில நாள் ஓட்டிய பின் கொட்டர் பின் நட்டுகளை மீண்டும் இறுக்குங்கள். அவை தளர்ந்தே தீரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாக ஓடிவிட்டு வந்தால், அன்றைக்கே நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் பிரேமையும் ரிம்மையும் துடைத்து, செயினுக்கு இரண்டு துளி எண்ணெய் விடுங்கள்.