கத்தோலிக்க ஹைஸ்கூலில் படிப்பும் விளையாட்டும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் இருபாலரும் படிக்கும் ஒரு கத்தோலிக்க ஹைஸ்கூலில் தடகளப் பயிற்சிக்கு உதவியாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் நம்மூர்ப் பெற்றோர், என் பெரியவன் படித்த காலத்தில் நாங்கள் செய்ததையே ஆண்டுதோறும் அப்படியே செய்கிறார்கள். யூனிஃபார்ம் எங்கே வாங்குவது, திருப்பலி நேரத்தில் இந்துப் பிள்ளைகள் என்ன செய்வது போன்றவற்றைப் பள்ளியே முதல் வாரத்தில் சொல்லிவிடும். பள்ளி சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

கோப்பையைப் பார்த்துப் பள்ளி தேடுவது

கடற்கரை வாலிபாலில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸ், இங்குள்ள ஆர்ச்பிஷப் மிட்டி பள்ளியில் படித்தவர். பெருமையான விஷயம்தான். ஆனால் இந்தப் பகுதிக் கத்தோலிக்கப் பள்ளிகள் மோதும் வெஸ்ட் கத்தோலிக் அத்லெடிக் லீகில் ஆடும் பள்ளி என்றால், கூடைப்பந்துக்கும் வாலிபாலுக்கும் டிரைஅவுட் (அணித் தேர்வு) கடுமையாக இருக்கும். நடுநிலைப் பள்ளியில் நன்றாக ஆடிய பிள்ளைக்கே பட்டியலில் பெயர் வராமல் போகும். ஆசைக்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்றால் கிராஸ் கன்ட்ரி (திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம்), தடகளம் இரண்டையும் பாருங்கள். அங்கே பெரும்பாலும் யாரையும் கழித்து அனுப்புவதில்லை.

தியாலஜியையும் கணக்கில் சேர்ப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கல்லூரியில் டிவிஷன் 1 அணியில், அதாவது முதல் நிலை அணியில் ஆட, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு ஹைஸ்கூலில் 16 கோர் (அடிப்படைப்) பாடங்கள் கேட்கிறது. ஆங்கிலம் 4 ஆண்டு, அல்ஜீப்ரா 1 தொடங்கிக் கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கூடுதலாக, சமூக அறிவியல் 2, மீதி 4 இவற்றிலிருந்தோ அயல்மொழியிலிருந்தோ வரலாம். மதம், தத்துவம் பற்றிய பாடங்களையும் அந்த நான்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு மதத்தின் கோட்பாட்டைப் போதிக்கும் பாடமாக அது இருக்கக் கூடாது. கத்தோலிக்கப் பள்ளியில் நான்கு ஆண்டும் தியாலஜி, அதாவது மதப் பாடம், கட்டாயம். பட்டம் வாங்க அது வேண்டும், ரிப்போர்ட் கார்டில் ஜிபிஏவையும் (மதிப்பெண் சராசரி) தூக்கிக் கொடுக்கும். என்சிஏஏ கணக்கில் அதில் பெரும்பகுதி வராது.

நான் பயிற்சி கொடுத்த ஒரு பையன், வட்டு எறிபவன். பதினொன்றாம் வகுப்பு முடியும்போதே ஒரு டிவிஷன் 1 கோச் அவனோடு பேச ஆரம்பித்திருந்தார். சீனியர் இயர் (பன்னிரண்டாம் வகுப்பு) தொடங்குவதற்குள் 16 பாடங்களில் 10 முடிந்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் பதினொன்று முடிந்தது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் அவன் அப்பாவோடு உட்கார்ந்து டிரான்ஸ்கிரிப்டை (படித்த பாடங்களின் மதிப்பெண் பதிவு) பிரித்தேன். ஆங்கிலம் மூன்று, கணிதம் இரண்டு, அறிவியல் இரண்டு, வரலாறு ஒன்று, ஸ்பானிஷ் ஒன்று. மொத்தம் ஒன்பது. மற்ற இரண்டும் தியாலஜி. அந்தப் பள்ளிக்கு என்சிஏஏ அங்கீகரித்த பாடங்களின் பட்டியலில் உலக மதங்கள் பாடம் இருந்தது, இவன் படித்த திருவருட்சாதனங்களும் கிறிஸ்தவ ஒழுக்கவியலும் இல்லை. கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டதற்கு, “பட்டம் வாங்க எந்தக் குறையும் இல்லையே” என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான், ஆனால் அந்தப் பையனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

கோடை விடுமுறை தொடங்கும்போது தெரிந்திருந்தால்கூட கோடை வகுப்பில் ஒரு பாடத்தை முடித்திருக்கலாம். ஏழாவது செமஸ்டர், அதாவது சீனியர் இயர், தொடங்கிவிட்டால் அந்தப் பத்தில் கை வைக்க முடியாது. குறைந்த மதிப்பெண் எடுத்த பாடத்தைத் திரும்பப் படித்தும் பயனில்லை. டிவிஷன் 1க்குப் போனால் பயிற்சி எடுக்கலாம், உதவித்தொகையும் வாங்கலாம், முதல் ஆண்டு போட்டியில் இறங்க முடியாது. அந்த கோச் அதன் பிறகு அழைக்கவில்லை. டிவிஷன் 2ல் இந்தப் பத்துப் பாட விதி இல்லாததால் பையன் அங்கே சேர்ந்தான்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பிலேயே என்சிஏஏ தகுதி மையத்தின் தளத்துக்குப் போய், பள்ளியின் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டு, அங்கீகரித்த பாடங்களின் பட்டியலை எடுத்து வையுங்கள். பாடத்தின் பெயர் டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே அதில் இருக்கிறதா என்று பாருங்கள். யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) கல்லூரிகள் சேர்க்கைக்குக் கேட்கும் ஏ-ஜி பட்டியல் வேறு, இது வேறு. ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்கும் என்று நம்பாதீர்கள். அப்புறம், ஜிபிஏவையும் கோர் பாடங்களை மட்டும் எடுத்து நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். டிவிஷன் 1க்குக் குறைந்தது 2.3 வேண்டும், டிவிஷன் 2க்கு 2.2. ரிப்போர்ட் கார்டில் 2.8 என்று இருப்பது தியாலஜியும் உடற்கல்வியும் கழிந்தால் எங்கே நிற்கும் என்று அப்போது தெரியும்.

நடுவில் பள்ளி மாறுவது

வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால், கலிபோர்னியாவில் பொதுவாகப் பருவத்தின் முதல் பாதி வார்சிட்டி அணியில் (பள்ளியின் முதன்மை அணி) ஆட முடியாது. இதைப் பழைய பள்ளியிலிருந்து பிள்ளையின் பெயரை நீக்கும் முன்பே புதுப் பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் கேளுங்கள். கோச்சிடம் பேசிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். உங்களைத் தன் பள்ளிக்கு இழுத்ததாகப் புகார் வந்தால் அவருக்கும் சிக்கல், பிள்ளைக்கும் சிக்கல்.

ஆட்டத்தைக் காட்டிக் கட்டணச் சலுகை கேட்பது

விதிப்படி தடை. குடும்ப வருமானத்தைக் காட்டி விண்ணப்பியுங்கள்.

மருத்துவப் பரிசோதனைப் படிவத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

அது கைக்கு வராமல் பிள்ளையை மைதானத்தில் இறக்க மாட்டோம்.