கேஸ் மாத்திரையோடு பைலோரி டெஸ்டுக்குப் போகாதீர்கள்

மேலூர், திருமங்கலம் பக்கம் மெடிக்கலில் "கேஸுக்கு ஒண்ணு கொடுங்க" என்று வாங்கி, மாதக்கணக்கில் பான்டோபிரசோல் (அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை) விழுங்குபவர்கள் உண்டு. எரிச்சல் அடங்கும்; உள்ளே ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கி, சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் குடியிருக்கிறது. சில ரகங்கள் காக்-ஏ புரதத்தை ஊசி போடுவதுபோல உள்சுவர்ச் செல்களுக்குள் ஏற்றும். அந்தச் செல்கள் ஐஎல்-8 என்ற அழைப்புப் பொருளைச் சுரக்க, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் ஓடிவரும். பின்னாலேயே மேக்ரோஃபேஜ், டி செல்கள் என்ற மற்ற எதிர்ப்புச் செல்கள். கிருமியில் பெரும்பகுதி சளிக்குள் பத்திரமாக இருக்க, இவை கக்கும் வீரியமான ஆக்சிஜன் பொருள்கள் நம் சதையைத்தான் அரிக்கின்றன. கிருமி போனால்தான் இந்தப் படை கலையும்.

டெஸ்டுக்கு முன் கேஸ் மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் (வயிற்றுப்புண் மருந்து) இரண்டையும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். கேஸ் மாத்திரை கிருமியை ஒழிக்காது, எண்ணிக்கையை மட்டும் குறைக்கும். ரிசல்ட் பொய்யாக நெகட்டிவ் வரலாம். ரத்தக்கசிவு வந்தவர்கள், ஆஸ்பிரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கேஸ் மாத்திரையை நிறுத்தவே கூடாது. எடுக்க வேண்டியது மூச்சு டெஸ்ட் அல்லது மல ஆன்டிஜென் டெஸ்ட். ரத்த ஆன்டிபாடி டெஸ்ட் வேண்டாம், குணமான பின்னும் நெடுநாள் பாசிட்டிவ் காட்டும். எடை குறைவு, விழுங்கச் சிரமம், ரத்தசோகை இருந்தால் நேரே எண்டோஸ்கோபிதான்.

டாக்டர் எழுதும் கூட்டு மருந்து பெரும்பாலும் 14 நாள்: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கேஸ் மாத்திரை. கேஸ் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பாலின் கால்சியம் டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஜிகர்தண்டாவை 2 மணி நேரமாவது தள்ளி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு டெட்ராசைக்ளின் ஆகாது. மெட்ரோனிடசோலோடு மது கூடாது, முடித்த பின்னும் 3 நாள். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுக்கும், பயம் வேண்டாம். ஆனால் தார்போல ஒட்டி நாற்றமடித்து, தலையும் சுற்றினால் அது ரத்தம். அப்போதே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஐந்தாம் நாள் தேவலை என்று நிறுத்தினால், மிஞ்சும் கிருமி மருந்துக்கு மசியாததாக இருக்கலாம். அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம்.

மருந்து முடித்து 4 வாரம் கழித்து மறுடெஸ்ட் கட்டாயம், அதே நிறுத்தக் கணக்கோடு. நெகட்டிவ் வந்தும் உப்புசம் சில மாதம் நீடிக்கலாம்: நியூட்ரோஃபில்கள் சீக்கிரம் கலையும், லிம்ஃபோசைட்டுகள் (டி செல் போன்றவை) மெதுவாகத்தான் விலகும். அதற்காக இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.