பைத்தானில் தமிழ் ஊர்ப்பெயர்களை எண்ணுவது எப்படி?

தங்கை கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், எந்த ஊருக்கு எத்தனை வேண்டும் என்று அப்பா கேட்டார். பட்டியலை மூன்று பேர் தனித்தனியாகத் தட்டியிருந்தோம். ஒருவர் கைப்பேசியில், இரண்டு பேர் கணினியில். ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கும்:

முருகேசன், மேலத் தெரு, பொள்ளாச்சி

பைத்தானில் இது பத்து வரி வேலை. ஆனால் ஓர் இடத்தில் எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது. உங்களுக்கு அது போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பைத்தான் 3 நிறுவியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். புதியவர் என்றால் தானி (Thonny) என்ற, நிரல் எழுதி ஓட்டும் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானும் அதனுடனேயே வந்துவிடும், திரையும் மிரட்டாது. கீழே கட்டளைகளை உச்சரிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஊர், வரி போன்ற மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

முதல் படி, கோப்பைத் திறப்பது.

கோப்பு = ஓப்பன்("அழைப்பு.டிஎக்ஸ்டி", என்கோடிங்="யுடிஎஃப்-8-சிக்")

என்கோடிங் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் குறிமுறை) பகுதியை விடவே விடாதீர்கள். விண்டோஸில் பல கணினிகளில் அதை விட்டால் பைத்தான் பழைய மேற்கத்திய குறிமுறையில் படிக்கப் பார்க்கும். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியின் மூன்றாவது பைட்டு 141. அந்தப் பழைய குறிமுறையில் 141க்கு எழுத்தே கிடையாது. அதனால் முதல் புள்ளி வந்ததுமே பிழை காட்டி நின்றுவிடும். கடைசியில் உள்ள 'சிக்' எதற்கு? நோட்பேட் சில சமயம் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிடும். அது இருந்தால் நீக்கிவிடும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

அடுத்து, ஊரை மட்டும் பிரிப்பது.

ஊர் = வரி.ஆர்ஸ்ப்ளிட்(",", 1)[-1].ஸ்ட்ரிப்()

வெறும் ஸ்ப்ளிட் எல்லாக் காற்புள்ளியிலும் வெட்டும். ஆர்ஸ்ப்ளிட் வலப்பக்கத்திலிருந்து வெட்டும். 1 என்று கொடுத்ததால் ஒரே வெட்டு. முகவரியில் எத்தனை காற்புள்ளி இருந்தாலும் கடைசித் துண்டு ஊர்தான். ஸ்ட்ரிப் இருபுறமும் உள்ள இடைவெளியையும் வரி முடிவையும் எடுத்துவிடும். கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் நடக்கும்படி இதை ஃபார் சுழலில் வைத்து, ஊர்கள் என்ற பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பிறகு கலெக்ஷன்ஸ் தொகுதியிலிருந்து கவுண்டரை எடுத்து, கவுண்டர்(ஊர்கள்) என்றால் எண்ணிக்கை வந்துவிடும்.

எனக்கு வந்தது இது:

பொள்ளாச்சி 23
பொள்ளாச்சி 9

ஒரே ஊர், இரண்டு வரி. இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று தேடினேன், இல்லை. எழுத்துப்பிழையும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், அச்சு அசலாக ஒன்றேதான். கடைசியில் இரண்டின் நீளத்தையும் லென் போட்டுப் பார்த்தால் ஒன்று 10, மற்றது 11!

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பொள்ளாச்சியில் நமக்கு 5 எழுத்து. பைத்தான் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை. ப ஒரு குறி, அதன் ஒகரக் குறி இன்னொன்று, ள ஒன்று, புள்ளி ஒன்று என்று போகும். 'தமிழ்' என்பதற்கு லென் 5 என்று சொல்வதும் இதனால்தான். இந்த ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 3018 என்ற ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு (3014), கால் (3006) என்று இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பைத்தானுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஓகாரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. எங்கள் பட்டியலில் ஒரு விசைப்பலகை ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் தட்டியிருந்தது.

உங்கள் கோப்பில் எது இருக்கிறது என்று பார்க்க:

[ஆர்ட்(கு) ஃபார் கு இன் ஊர்]

ஒவ்வொரு குறியின் எண்ணும் வரிசையாக வரும். எனக்கு இதைவிடப் பிடித்த கருவி இல்லை. சந்தேகம் வந்தால் முதலில் இதைத்தான் ஓட்டுகிறேன். தமிழுக்கு உரிய எண்கள் 2944 முதல் 3071 வரை.

தீர்வு ஒரே வரி. யூனிகோடுடேட்டா தொகுதியை இம்போர்ட் செய்துவிட்டு:

ஊர் = யூனிகோடுடேட்டா.நார்மலைஸ்("என்எஃப்சி", ஊர்)

பிரிந்து கிடக்கும் குறிகளை இது ஒன்றாக்கிவிடும். எண்ணுவதற்கு முன் செய்ய வேண்டும், பின்னால் செய்து பயனில்லை. இப்போது பொள்ளாச்சி 32.

ஒன்றை மட்டும் இது சரிசெய்யாது. கௌரி என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் 'கெளரி' என்று தட்டுகிறார்கள். அது உண்மையிலேயே வேறு எழுத்து. ரீப்ளேஸ் போட்டு மொத்தமாக மாற்றிவிடலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். வெள்ளகோவில், தெளிவு எல்லாவற்றிலும் அதே சேர்க்கை இருக்கிறது, அவையும் சிதைந்துவிடும். கெளரியைக் கௌரியாக மாற்று என்று முழுச் சொல்லாகக் கொடுங்கள்.

அப்புறம், வரிசைப்படுத்துவது. சார்ட்டட்(ஊர்கள்) போட்டால் பழனிக்குப் பிறகு பவானி வரும். நம் அகராதியில் பவானிதான் முன். ய ர ல வ ழ ள ற ன என்பது நாம் படித்த வரிசை. யூனிகோடில் ழ 2996, வ 2997. புள்ளியை முதலில் வைத்து, பிறகு நம் வரிசையில் எழுத்துகளையும், அவற்றுக்குப் பின் உயிர்க்குறிகளையும் ஒரே சரமாக எழுதி, வரிசை என்று பெயர் வையுங்கள். பிறகு:

சார்ட்டட்(ஊர்கள், கீ=லாம்டா ஊ: [வரிசை.ஃபைண்ட்(கு) ஃபார் கு இன் ஊ])

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், ஸ்ப்ளிட்டுக்குப் பதில், எழுத்து வடிவங்களைத் தேடும் ஆர்இ தொகுதியில் சொற்களைப் பிடிக்கும் டபிள்யூ குறியைப் போட்டதாகவும் 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று உடைந்து வந்ததாகவும் எழுதியிருந்தார். ஆர்இ தொகுதி உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. சொற்களைப் பிரிக்க மட்டும் என்றால் ஸ்ப்ளிட்டே போதும். மி, ழ் என எழுத்து எழுத்தாக வேண்டுமென்றால் தொகுதிகளை நிறுவித் தரும் பிப் மூலம் ரீஜெக்ஸ் தொகுதியை நிறுவி, அதன் பெரிய எக்ஸ் குறியைப் பயன்படுத்துங்கள். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாக வரும்.

இன்னொரு பின்சேர்க்கை: நார்மலைஸ் செய்த பிறகும் ஒருவருக்கு ஈரோடு இரண்டு முறை வந்தது. ஆர்ட் பட்டியலை அனுப்பச் சொன்னேன். நடுவில் 8204 இருந்தது. அது அகலமே இல்லாத ஒரு குறி, ஸ்ட்ரிப் அதைத் தொடாது. ஊர்.ரீப்ளேஸ்(சிஎச்ஆர்(8204), "") என்று நார்மலைஸுக்கு முன்னால் ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது.