லொறி நிறுவனமொன்றை மாற்றுத்திறனாளிகளும் வேலைசெய்யத்தக்க இடமாக மாற்றுவது எப்படி

கொழும்பை அண்டி, ஒருகொடவத்தையிலோ பேலியகொடையிலோ கிராண்ட்பாஸ் பக்கமோ லொறிகள் வைத்துத் தொழில் நடத்தும் ஒருவரிடம், மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்குச் சேர்த்துக்கொள்வது பற்றிக் கேட்டுப் பாருங்கள். "இது பாரம் ஏற்றி இறக்குகிற தொழில், இங்கே அவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது?" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தமது நிறுவனத்தில் எத்தனை விதமான வேலை நடக்கிறது என்று ஒருநாளும் எழுதிப் பார்க்காதவரின் பதில் அது.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள். லொறி ஓட்டுவதையும் மூட்டை தூக்குவதையும் ஒரு பக்கம் வைத்துவிட்டால், எந்த வண்டியை எந்த லோட்டுக்கு அனுப்புவது என்று பிரிப்பது, துறைமுகத்துக்குள் நுழைவதற்கான ஆவணங்களைத் தயார்செய்வது, ஜீ.பி.எஸ். திரையைப் பார்த்துச் சாரதிகளுடன் தொடர்பில் இருப்பது, டீசல் கணக்கு, டயர்ப் பதிவேடு, பயணப்படி, வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியல் அனுப்புவது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றுள் எதற்கும் இரண்டு கால்கள் கட்டாயமில்லை. சிலவற்றுக்குக் காதும், சிலவற்றுக்குக் கண்ணும்கூடக் கட்டாயமில்லை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அதைச் செய்து முடிக்க உண்மையில் என்ன தேவை என்பதை மட்டும் எழுதுங்கள். "ஓடியாடி வேலை செய்பவராக இருத்தல் வேண்டும்" என்ற வாக்கியம் கணக்கு எழுதுநருக்கான விளம்பரத்தில்கூட எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பது அப்போது உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆள் சேர்க்கும்போது இயலாமையைக் காரணமாகக் காட்டி ஒருவருக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. பொதுக் கட்டடங்களில் இருக்கவேண்டிய அணுகல் வசதிகளை 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வரையறுத்தன. உயர் நீதிமன்றமும் 2011 இல் அதை வலியுறுத்திக் கட்டளை பிறப்பித்தது. வேலை செய்யும் உரிமையைப் பற்றியும் பேசும், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 1988 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை மாற்றுத்திறனாளிகளுக்கெனச் சொல்லும் 3 சதவீத வேலை ஒதுக்கீடு அரச துறைக்கானது. அது தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்பதை வைத்துக்கொண்டு மற்றவையும் கட்டுப்படுத்தா என்று எண்ணிவிடக் கூடாது.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள்

மாற்றுத்திறனாளி என்றதும் வெளியிலிருந்து வரப்போகும் ஒருவரையே முதலாளிமார் நினைக்கிறார்கள். ஆனால் லொறிகள் நிற்கும் உங்கள் யார்ட்டிலேயே இருபது வருடம் ஓட்டி முதுகுத்தண்டு தேய்ந்த சாரதி இருப்பார். நீரிழிவினால் கால்விரல்களை இழந்தவர் இருப்பார். லொறியின் பின்கதவில் கை நசுங்கிய உதவியாளர் இருப்பார். அவர்களிடமிருந்து தொடங்குவதே நல்லது. கனரக வாகன அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்பதால், சர்க்கரை வருத்தத்தையும் பார்வைக் குறைவையும் சாரதிகள் முடிந்தவரை மறைக்கிறார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்பதே காரணம். ஓட்ட முடியாமற்போனவருக்கு வண்டிகளைப் பிரித்து அனுப்பும் மேசையிலோ புதிய சாரதிகளைப் பழக்குவதிலோ இடம் உண்டு என்று எழுத்தில் கொடுத்தீர்களானால், மறைக்கும் தேவை குறையும். வீதியில் விபத்தும் குறையும். இன்சுலின் வைக்க ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டியும், சாப்பாட்டு நேரம் தவறாத பயண அட்டவணையும் இதில் அடங்கும். 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் பணம் கொடுத்தவுடன் கடமை முடிந்துவிட்டதாக நினைக்கும் நிறுவனங்கள், துறைமுகத்தின் நெளிவுசுளிவு அத்தனையும் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத ஒருவரைப் பழக்கச் செலவழிக்கின்றன.

வாயிலிலிருந்து மலசலகூடம் வரை

கட்டட மாற்றங்களை மேசையில் இருந்தபடி திட்டமிட வேண்டாம். சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவரையும் ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவரையும் அழைத்து, அவர்களுடைய நேரத்துக்குரிய கட்டணத்தைக் கொடுத்து, வாயிலிலிருந்து வேலை மேசை வரையும், அங்கிருந்து மலசலகூடம், சாப்பாட்டு அறை வரையும் அவர்களுடன் கூடவே சென்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் செல்வது இன்னும் நல்லது. எங்கே நீர் தேங்குகிறது, எங்கே டீசல் சிந்தி வழுக்குகிறது, எந்த வடிகால் மூடியின் இடைவெளியில் நாற்காலியின் முன்சக்கரம் மாட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

சாய்தளம் அமைப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஒரு மீற்றர் உயர்வதற்கு 12 மீற்றர் நீளம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அலுவலக வாசலில் 15 சென்ரிமீற்றர் உயரமான படிகள் மூன்று இருந்தால், மொத்த உயரம் 45 சென்ரிமீற்றர், சாய்தளம் 5.4 மீற்றர் நீளமாக இருக்கவேண்டும். இடம் போதவில்லை என்று மேசன் அதை இரண்டு மீற்றரில் முடித்துத் தந்தால், அது மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் உதவும். லொறி மட்டத்துக்கு உயர்த்திய ஏற்றுமேடை 1.2 மீற்றர் அளவில் இருந்தால் அதே கணக்கில் 14.4 மீற்றரும் நடுவில் சமதளமும் தேவைப்படும்; அவ்வளவு இடம் எந்த யார்ட்டிலும் சும்மா கிடப்பதில்லை. அப்படியான இடங்களில் மேடையை விட்டுவிட்டு, தரைமட்டத்தில் ஒரு பக்கக் கதவைத் திறந்துவிடுவதே புத்தி. மூட்டை இறக்கப் போடும் பலகையைச் சாய்தளமாகக் காட்ட வேண்டாம்.

பழைய களஞ்சியசாலைகளில் அலுவலகம் பெரும்பாலும் மேல்மாடியில், செங்குத்தான இரும்புப் படிகளுக்கு அப்பால் இருக்கும். மின்தூக்கி பொருத்தும் விலையைக் கேட்டுவிட்டு முழுத் திட்டத்தையும் கைவிடுவார்கள். கணக்குப் பிரிவைக் கீழே கொண்டுவந்து, பழைய கோப்புகளை மேலே ஏற்றுவதற்கு ஒரு நாள் வேலையும் நாலு பேரின் சாப்பாட்டுச் செலவும் போதும். தீப்பிடித்தால் படியில் இறங்க முடியாதவரை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வியும் அதோடு தீர்ந்துவிடும்.

மலசலகூடத்தில் சக்கர நாற்காலி திரும்புவதற்கு 1.5 மீற்றர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும்; உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். குந்தியிருக்கும் வகை மட்டுமே உள்ள யார்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. முழங்கால் தேய்ந்த சாரதிகளும் ஓர் இருக்கை வகைக்கு நன்றி சொல்வார்கள்.

சத்தமும் சைகையும்

செவிப்புலனற்ற ஒருவரை யார்ட்டில் வைத்திருப்பது ஆபத்து என்ற அச்சம் நியாயமானதே. லொறி பின்னோக்கி வரும்போது எழும் ஒலி அவருக்குக் கேட்காது. ஆனால் எஞ்சின்கள் இரைந்துகொண்டிருக்கும் இடத்தில் அது மற்றவர்களுக்கும் சரியாகக் கேட்பதில்லை. நடப்பவர்களுக்கென மஞ்சள் கோடிட்ட தனிப்பாதை, பின்னோக்கி வரும் வண்டியில் சுழலும் விளக்கு, வழிகாட்டுபவரின் கையைக் கண்ணாடியில் காணும் வரை சாரதி வண்டியை நகர்த்தக் கூடாது என்ற விதி ஆகிய மூன்றும் எல்லோருக்கும் பாதுகாப்பு. லொறியின் பக்கவாட்டில் தட்டிச் சமிக்ஞை கொடுக்கும் பழக்கத்தை நிறுத்தி, அதற்குப் பதிலாகக் கைச்சைகைகளை வரைந்து வாயிலில் ஒட்டுங்கள். தீ எச்சரிக்கை மணியுடன் மின்னும் விளக்கும் பொருத்தப்பட வேண்டும்.

சைகை மொழியைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. செவிப்புலனற்ற பிள்ளைகளும் படிக்கும், 1912 இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையில் படித்தவரும் யாழ்ப்பாணத்துக் கைதடியிலுள்ள நஃபீல்ட் பாடசாலையில் படித்தவரும் எல்லாச் சொல்லுக்கும் ஒரே சைகையைப் பயன்படுத்துவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆதலால் வரப்போகிறவரிடமே கேட்டு, லொறி, கொள்கலன், டீசல், நிறுத்து, ஆபத்து போன்ற ஒரு முப்பது சொற்களுக்கான சைகைகளை அவரைக்கொண்டே மற்றவர்களுக்குக் கற்பியுங்கள். அந்த வகுப்புக்கும் சம்பளம் உண்டு. வேலை உத்தரவுகளை தொலைபேசியில் சொல்லாமல் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால், பிறகு "நீ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை" என்ற சச்சரவும் அலுவலகத்தில் குறையும்.

கணினித் திரை

பார்வையற்ற ஒருவர் கணினியில் வேலை செய்வதற்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழையும் சிங்களத்தையும் வாசிக்கும். தடையாக இருப்பது நமது கோப்புகள்தான். கொழும்பில் எத்தனையோ அலுவலகங்களில் தமிழ்க் கடிதங்கள் இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்படுகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. திரைவாசிப்பான் அதையே வாசிக்கும். அனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பயண அட்டவணையின் எக்செல் தாளில் அழகுக்காகக் கட்டங்களை ஒன்றிணைப்பதையும், "சிவப்பு என்றால் தாமதம்" என்று நிறத்தால் மட்டும் தகவல் சொல்வதையும் நிறுத்துங்கள். நிறத்தோடு ஒரு சொல்லும் இருக்கட்டும். ஆவணங்களைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் திரைவாசிப்பானால் அவற்றை நேரடியாக வாசிக்க முடியாது.

ஆள் சேர்ப்பும் அதன் பின்னும்

விளம்பரத்தைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளுக்கும் அனுப்புங்கள். நேர்முகத்தில் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வேலையைச் செய்ய நாங்கள் எதை மாற்றித் தரவேண்டும்?" என்று கேளுங்கள். சம்பளமும், 12 சதவீத ஊழியர் சேமலாப நிதியும், 3 சதவீத நம்பிக்கை நிதியும் மற்றவர்களுக்கு உள்ளபடியே இருக்கவேண்டும். அனுதாபச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. பேருந்தின் உயர்ந்த படியில் ஏற முடியாதவர் தினமும் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணம் அவருடைய சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பதால், போக்குவரத்துப் படியும் நெரிசலுக்கு முன்னோ பின்னோ வேலை தொடங்கும் வசதியும் இல்லாவிட்டால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் வீணாகும்.

நான் அறிந்த ஓர் இடத்தில் சாய்தளத்தைச் சரியான அளவில் கட்டினார்கள், திறப்பு விழாவும் வைத்தார்கள். சில மாதங்களுக்குள் அதன்மேல் பழைய டயர்கள் அடுக்கப்பட்டிருந்தன. அணுகல் வசதியுள்ள மலசலகூடம் பூட்டப்பட்டு, உள்ளே விளக்குமாறுகளும் வர்ணத் தகரங்களும் இருந்தன. எவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யார்ட்டில் காலியாக ஓர் இடம் தெரிந்தால் பொருள் அங்கே வந்து சேர்வது இயல்பு. ஆகவே லொறிகளின் எண்ணெயும் டயர்க் காற்றும் பார்க்கும் காலைச் சோதனைத் தாளிலேயே, சாய்தளம் வெறுமையாக இருக்கிறதா, மலசலகூடம் திறந்திருக்கிறதா என்ற இரண்டு வரிகளைச் சேர்த்து, யார்ட் மேற்பார்வையாளரின் கையொப்பத்தைப் பெறுங்கள். அவர் விடுமுறையில் இருக்கும் நாட்களில் மலசலகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.