வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி: வாங்கும் முன்னும் பின்னும் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் 'எது ரொம்ப பவர்?' என்பதுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நடு ராத்திரியில், தூக்கக் கலக்கத்தில், இருட்டில், கை நடுங்க எடுக்கப்போகும் பொருள் அது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அதை இயக்கப்போகிறவர்களில் கைவலு குறைந்தவர் யார், குழந்தைகள் எந்த அறையில் படுக்கிறார்கள், இடையில் இருக்கும் சுவர் எதனால் ஆனது என்பதையெல்லாம் யோசித்த பிறகுதான் எந்தத் துப்பாக்கி என்ற பேச்சே வர வேண்டும்.

அதற்கும் முன்னால் சட்டம். நம்மவர்கள் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்வது இதில்தான். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஏதேனும் ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. 'நண்பர் சிட்டிசன்தானே, அவர் பெயரில் வாங்கிக்கொள்வோம்' என்று போனால் விஷயம் இன்னும் மோசமாகும். கடையில் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று நேராகவே கேட்கிறது. அடுத்தவருக்காகப் பெயரை மாற்றி வாங்கினால், 2022-ல் வந்த சட்டப்படி 15 ஆண்டுவரை சிறை. ஊரிலிருந்து அப்பா அம்மா பி-2 என்ற தற்காலிகப் பார்வையாளர் விசாவில் வந்து தங்கும் வீடு என்றால், துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ அவர்கள் கைக்குப் போகாமல் வைத்திருக்க வேண்டும். மாநிலச் சட்டங்கள் தனி. கலிஃபோர்னியாவில் பணம் கட்டிய பின்னும் 10 நாள் காத்திருக்க வேண்டும். 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) அங்கே விற்பனைக்கு இல்லை.

இன்னொன்றும் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது. பல வீடுகளில் வாசல் நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் தகட்டை முக்கால் அங்குல ஸ்க்ரூவில்தான் மாட்டியிருப்பார்கள். ஒரே உதையில் நிலைச்சட்டம் பிளந்து தகடு பெயர்ந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, சட்டத்தைத் தாண்டிச் சுவரின் உள்மரத்தில் இறங்கும் 3 அங்குல ஸ்க்ரூ நான்கைப் போடுங்கள். கீலிலும் ஒன்றிரண்டு மாற்றுங்கள். செலவு சில டாலர்தான். கதவு கூடுதலாக அரை நிமிடம் தாங்கினால், குழந்தைகளை ஓர் அறைக்குள் சேர்த்துக்கொண்டு 911-ஐ அழைக்க நேரம் கிடைக்கும். அந்த நேரம் இல்லாவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் எந்தத் துப்பாக்கியும் உதவாது.

சரி, எந்த வகை? 12 கேஜ் ஷாட்கன் (ஒரே வெடியில் பல குண்டுகளை வீசும் நீளத் துப்பாக்கி) என்றால் குறிபார்க்கவே வேண்டாம், மொத்த அறையையும் அள்ளிவிடும் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. உண்மை வேறு. 2¾ அங்குல டபுள்-ஆட் பக்ஷாட் ஷெல்லில் (பெரிய குண்டுகள் அடைத்த ஷாட்கன் தோட்டா) பெரும்பாலும் 8 அல்லது 9 ஈயக் குண்டு, ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீட்டர். வீட்டுக்குள் இருக்கும் 4, 5 மீட்டர் தூரத்தில் அவை விரிவது ஓர் உள்ளங்கை அகலம்தான். குறி தவறினால் ஒன்பதும் தவறும். முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 'பம்ப்' சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பதும் அப்படித்தான். அந்தச் சத்தம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கும், அவ்வளவே.

பம்ப் ஷாட்கனில் உண்மையில் கெட்டுப்போகும் இடம் கை. முன்கைப்பிடியைக் கடைசிவரை பின்னே இழுத்து, கடைசிவரை முன்னே தள்ள வேண்டும். பதற்றத்தில் பாதியிலேயே திருப்பிவிட்டால் காலி ஷெல் சிக்கிக்கொள்ளும்; இல்லையென்றால் அது வெளியேறி, புதியது ஏறாமல், விசையை (டிரிகர்) அழுத்தும்போது வெறும் 'க்ளிக்' மட்டும் கேட்கும். தோளில் பதியும் பின்கட்டை நீளமாக இருந்தால் இது இன்னும் அடிக்கடி நடக்கும். கடையிலேயே பார்த்துவிடலாம்: துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, பின்கட்டையின் நுனியை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, அதே கையின் ஆட்காட்டி விரலை நீட்டுங்கள். விரல் விசைவரை வசதியாக எட்ட வேண்டும். வழக்கமான கட்டை 14 அங்குலம். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு அது எட்டாது. 12, 13 அங்குலக் கட்டை தேவை.

கைத்துப்பாக்கியில் இதற்கு நேரெதிரான தவறு நடக்கிறது. 'மனைவிக்குச் சின்னதாக ஒன்று' என்று கைக்கடக்கமான ரிவால்வரை எடுத்துக் கொடுப்பார்கள். துப்பாக்கி எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கு உதைப்பு கையில் இறங்கும். குறிபார்க்கும் நீளமும் (முன், பின் குறிகளுக்கு இடைத்தூரம்) குறையும். குட்டி ரிவால்வரின் விசையைச் சுத்தியல் எழும்ப அழுத்துவதற்கு 10 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். பழக்கமில்லாத விரல் அழுத்தும்போது குழலே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை என்றால், முழு அளவோ அதற்கு ஒரு படி குறைந்ததோ ஆன 9 எம்.எம். பிஸ்டல்தான் அநேகருக்கும் பொருந்தும். ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னே இழுக்கும் மேல்பாகம்) இழுக்க முடியவில்லை என்பவர்கள் இழுக்காமல் தள்ளிப் பார்க்கலாம்: ஸ்லைடை மேலிருந்து முழுக் கையால் பற்றி அசையாமல் நிறுத்திக்கொண்டு, மற்ற கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும், குழல் எப்போதும் பாதுகாப்பான திசையில். அப்படியும் வராவிட்டால், ஸ்லைடு இலகுவாக நகரும்படி செய்த மாடல்கள் கிடைக்கின்றன. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தாலும் பிஸ்டல் சிக்கும். அதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

தோட்டா விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அமெரிக்க வீட்டின் உட்சுவர் என்பது பெரும்பாலும் இரண்டு அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம். நம்மூர்ச் செங்கல் சுவர் மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஆளைத் தடுத்து நிறுத்தும் திறனுள்ள எந்தத் தோட்டாவும் இப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். முழு உலோக உறை போட்ட பயிற்சித் தோட்டாவையே மேகசினில் போட்டு வைப்பது இதனால்தான் பெரிய தவறு. ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள தோட்டா) உடலில் பட்டதும் விரியும், அதனால் மறுபக்கம் வெளியேறுவது குறைவு. ஆனால் குறி தவறி நேராகச் சுவரில் பட்டால் அதன் குழியில் ஜிப்சம் அடைத்துக்கொண்டு, விரியாமலே அடுத்த அறைக்குப் போய்விடும். சுவருக்குப் பயந்து ஷாட்கனில் பேர்ட்ஷாட் (பறவை வேட்டைக்கான பொடிக்குண்டு) போடுவோரும் உண்டு. அதன் 2.3 மில்லிமீட்டர் குண்டுகள் தடித்த உடைக்குள் ஆழமாக இறங்கா. ஆகவே தோட்டாவை மாற்றித் தப்பிக்க வழியில்லை. வீட்டின் வரைபடத்தை வரைந்து, எந்த இடத்தில் நின்றால் எந்தத் திசையில் குழந்தைகளின் படுக்கை வராது என்று பகலிலேயே குறித்து வைக்க வேண்டும்.

பெரும்பாலோர் கடைசியில் வாங்குவது விளக்கு. முதலில் வாங்க வேண்டியது அது. 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு வேடமிட்டுப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் முகவரி மாறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் சுட்டதில் இறந்துபோனான். குற்ற வழக்கில் அவர் விடுதலையானார். சிவில் வழக்கில் சுமார் 6,50,000 டாலர் கொடுக்கும்படி தீர்ப்பானது. அந்தப் பையன் திரும்பி வரவில்லை. இருட்டில் அசைவது யார் என்று தெரியாமல் விசையில் விரல் போகவே கூடாது. துப்பாக்கியில் மாட்டிய விளக்கு மட்டும் போதாது. அதை வைத்துத் தேடினால், கழிவறைக்கு எழுந்துபோன மகள் பக்கமும் குழல் திரும்பும். கையில் தனியாக ஒரு டார்ச் வேண்டும்.

துப்பாக்கியைத் தலையணைக்கடியிலும் அலமாரி உச்சியிலும் வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தங்களையே மாய்த்துக்கொண்டவர்கள். வெளியாளைவிட வீட்டிலிருக்கும் ஒருவரின் கெட்ட நாள்தான் பெரிய ஆபத்து. மனம் உடைந்த ஒருவரோ பதின்வயதுப் பிள்ளையோ வீட்டில் இருந்தால், சில காலத்துக்குத் துப்பாக்கி வீட்டில் இல்லாமலிருப்பதே சரி. தற்கொலைத் தடுப்பு உதவிக்கான 988 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். வைத்திருப்பதென்றால் பூட்டுப் பெட்டியில். கைரேகைப் பூட்டு ஈரக்கைக்குத் திறக்காமல் போகலாம், பேட்டரி தீர்ந்தாலும் கைரேகைக்குத் திறக்காது. பேட்டரியே இல்லாத, பொத்தான் அழுத்தும் பூட்டு நம்பகமானது. பெட்டியைச் சுவரின் உள்மரத்தில் போல்ட் போட்டு முறுக்குங்கள். இல்லையென்றால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான். தோட்டா ஏறிய துப்பாக்கியில் விசைப்பூட்டு மாட்டக் கூடாது, மாட்டும்போதே விசை அழுந்தலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: தினமும் தோட்டாவைக் குழலின் பின்முனையிலுள்ள வெடியறையில் (சேம்பர்) ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு முறையும் அதன் முனை வெடியறைக்கு ஏறும் சரிவுப்பாதையில் மோதி, குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உறைக்குள் அமுங்கும். உள்ளே இடம் குறைவதால் சுடும்போது அழுத்தம் அபாயகரமாக ஏறும். அவ்வப்போது புதுத் தோட்டா ஒன்றை மேசையில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பழையது குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள்.

புயல், வெள்ளம் என்று நெருக்கடிக்குத் தயாராகிறவர்கள் செய்வது, நாலு வகைத் துப்பாக்கியும் நாலு வகைத் தோட்டாவும் சேர்ப்பது. ஒரே வகை, ஒரே மேகசின் என்று வைத்தால் போதும்: மேகசின் 3, பாதுகாப்புத் தோட்டா 100, பயிற்சிக்கு 500, மாற்று ரிகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் சுருள்) ஒன்று, எண்ணெய்க் குப்பி ஒன்று. 500 தோட்டாவே சுமார் 6 கிலோ வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் தண்ணீர் என்ற கணக்கு முடிந்த பிறகுதான் இந்த எடைக்கு இடம். ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிகே ஒன்றும், கட்டிப் பழகிய கையும் வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய தோட்டாவைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள்.

வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் செஞ்சிலுவைச் சங்க முகாம்களில் ஆயுதத்தோடு உள்ளே விடமாட்டார்கள். வாசலில் போய் நின்றுகொண்டு யோசிக்க முடியாது. மாநில எல்லை தாண்டும்போது, கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி சட்டப்படி உங்களுடையதாக இருந்து, காலியாக, கைக்கெட்டாமல் டிக்கியில் இருந்தால் 1986-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் காக்கும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். டாஷ்போர்டு அறை கணக்கில் வராது. போகும் வழியில் உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதானால், அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.