சிங்கப்பூரில் கட்டிய 9% வரியை விமானம் ஏறும் முன் திரும்ப வாங்குவது எப்படி

சிங்கப்பூரில் விலைச்சீட்டில் போட்டிருக்கும் தொகைக்குள்ளேயே ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். 2024 ஜனவரி 1 முதல் அது 9%. சுற்றுலா வந்தவர் வாங்கிய பொருளைத் தன்னுடனேயே நாட்டுக்கு வெளியே கொண்டுபோனால் அந்த வரியைத் திருப்பித் தருகிறார்கள். பலருக்கு இது தெரியும். ஆனாலும் பணம் கைக்கு வராமல் போவது இரண்டு இடங்களில்தான்: கடையின் கல்லாவில் பாஸ்போர்ட்டைக் காட்டாமல் விடுவது ஒன்று, விமான நிலையத்தில் பெட்டியை முதலில் செக்-இன் செய்துவிடுவது இன்னொன்று.

முதலில் யாருக்கு உண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் வாங்கும் நாளில் 16 வயது நிறைந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. அங்கே வேலை அனுமதியில் இருப்பவருக்கும், அவரைச் சார்ந்து டிபென்டன்ட் பாஸில் இருக்கும் மனைவி மக்களுக்கும் கிடையாது. வேலை பார்க்கும் தம்பி நகை வாங்கிவிட்டு, பார்க்க வந்த அம்மாவின் பாஸ்போர்ட்டில் பில் போடுவது நடக்கிற கதைதான். ஆனால் அது சட்டப்படி குற்றம். வாங்குபவரும் வரி கேட்பவரும் எடுத்துப்போகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும்.

கடையில்

எல்லாக் கடையிலும் இந்தத் திட்டம் இல்லை. சேருவதும் சேராததும் கடைக்காரர் விருப்பம். 'டாக்ஸ் ஃப்ரீ' என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பில் போடுவதற்கு முன் கேளுங்கள். பில் தொகை வரியோடு சேர்த்துக் குறைந்தது 100 வெள்ளி வர வேண்டும் (சிங்கப்பூர் டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்பார்கள்). ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பில்கள் வரை சேர்த்து 100 வெள்ளி ஆக்கிக்கொள்ளக் கடைக்காரர் அனுமதிக்கலாம். கோடாலித் தைலம், சாக்லேட், சென்ட் என்று சில்லறையாக வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு பில் போட்டால் எதுவும் தேறாது. குடும்பத்தில் ஒருவர் பெயரிலேயே எல்லாவற்றையும் வாங்குங்கள். கணவர் பாஸ்போர்ட்டில் 60 வெள்ளி, மனைவி பாஸ்போர்ட்டில் 60 வெள்ளி என்றால் இரண்டுமே போச்சு.

பாஸ்போர்ட் அசலாக இருக்க வேண்டும். நகலோ, ஃபோனில் எடுத்த படமோ செல்லாது. ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவைத்துவிட்டு ஷாப்பிங் போகிற பழக்கத்தை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். கடைக்காரர் அதை வைத்து உங்கள் பில்லை மின்னணுப் பதிவில் ஏற்றுவார். நகரும் முன் பாஸ்போர்ட் எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும், விமான நிலையத்தில் வரியைத் திரும்பக் கேட்கும் இயந்திரத்தில் உங்கள் பில் தெரியாது. அசல் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

எவ்வளவு வரும்? தொகையில் 9% என்று நேரடியாகப் போடக்கூடாது. மொத்தத்தை 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்க வேண்டும். செராங்கூன் சாலையில் 22 காரட் சங்கிலி ஒன்று வரியோடு 2,180 வெள்ளி என்றால், அதில் வரி 180 வெள்ளி. இதிலிருந்து சேவைக் கட்டணம் பிடிப்பார்கள், எனவே முழு 180 கைக்கு வராது. எவ்வளவு வரும் என்பதைப் பில் போடும்போதே கேட்டுவிடலாம். தங்கம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலீட்டுத் தரமுள்ள தங்கக் கட்டிகளுக்கு 2012 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி விலக்கு. கட்டாத வரியைத் திரும்பக் கேட்க முடியாது. நகைக்குத்தான் வரி, செய்கூலியும் சேர்த்து.

ஹோட்டல் வாடகை, சாப்பாடு, டாக்சி, நுழைவுச்சீட்டு எதற்கும் திரும்பக் கிடைக்காது. பிரித்துத் தின்ற சாக்லேட்டுக்கும் கிடையாது. கார்கோவில் அனுப்பும் சாமானுக்கும், ஊரில் கடை வைத்து விற்க எடுத்துப்போகும் சரக்குக்கும் கிடையாது.

விமான நிலையத்தில்

வாங்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் சாங்கி அல்லது சிலேத்தார் விமான நிலையம் வழியாகக் கிளம்ப வேண்டும். பஸ் ஏறி மலேசியாவின் ஜொகூர் போய், அங்கிருந்து விமானம் பிடிப்பவர்களுக்கு இந்தப் பணம் கிடையாது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகில் போகிறவர்களுக்கும் அப்படியே.

சாங்கியில் இந்த இயந்திரங்கள் இரண்டு இடத்தில் உள்ளன: செக்-இன் கூடத்தில் சில, குடிநுழைவை (இமிக்ரேஷன்) தாண்டிய பிறகு உள்ளே சில. லக்கேஜில் போகிற பொருளுக்கு வெளியே இருப்பதில் வேலையை முடியுங்கள். கைப்பையில் போகிறதென்றால் உள்ளே இருப்பதில். சென்ட் பாட்டில் 100 மில்லிக்கு மேல் என்றால் கைப்பையில் விடமாட்டார்கள், ஆகவே அது வெளிக்கூடத்துக் கணக்கு. நகையை எப்போதும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், அதை உள்ளே பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால், அதில் பதிவான பில்கள் எல்லாம் திரையில் வரும். தகுதி பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி, பணம் எப்படி வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் ஒரு சீட்டு வரும். அதை அப்படியே மடித்துப் பையில் வைக்காதீர்கள், படியுங்கள். அனுமதி கிடைத்ததாக இருந்தால் வேலை முடிந்தது. சுங்கப் பரிசோதனை என்று இருந்தால் பக்கத்தில் உள்ள சுங்க கவுன்டரில் பொருளையும் அசல் ரசீதையும் காட்ட வேண்டும். பொருள் கன்வேயரில் போய்விட்டிருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது, அனுமதியும் இருக்காது. இதற்காகவே இந்தச் சாமான்களைப் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். பெட்டிக்கு பிளாஸ்டிக் உறை சுற்றுவதையும் இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது.

அனுமதி கிடைத்த 12 மணி நேரத்துக்குள் பொருளோடு கிளம்பியாக வேண்டும். காலையில் வந்து இதை முடித்துவிட்டு ஊர் சுற்றப் போய், மறுநாள் விமானம் ஏறலாம் என்ற கணக்கு நடக்காது.

ரொக்கம் என்றால் குடிநுழைவுக்குப் பிறகு உள்ள கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். கிரெடிட் கார்டு என்றால் சில நாட்களில் வரவு வைப்பார்கள், உங்கள் வங்கி அதன் மாற்று விகிதத்தில் ரூபாயாக்கும். பெரிய தொகைக்குக் கார்டு நல்லது. இருபது முப்பது வெள்ளியை ரொக்கமாக வாங்கினால் போர்டிங்குக்குள் அது காபியும் பொம்மையுமாக மாறிவிடும், அதுவும் ஒரு செலவுக் கணக்குதான். குடிநுழைவுக்கு உள்ளே இருக்கும் கடைகளில் வாங்கியதற்குத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. அங்கே ஏற்கெனவே ஜிஎஸ்டி இல்லாத விலைதான்.

சென்னையிலோ திருச்சியிலோ இறங்கும்போது இந்தியச் சுங்கம் தனி. பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகைச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு அது பொருந்தாது. 180 வெள்ளி திரும்ப வருகிறதென்று சங்கிலியைப் பேசி முடிக்கும் முன், இங்கே கட்ட வேண்டிய தீர்வையையும் கூட்டிப் பாருங்கள்.